சாயம் போடாத கிண்ணம்

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். அம்மா பினாட்டும் ஒடியல் மாவும் கட்டி வைச்சிருக்கிறா, கொண்டுவர ஆள்தான் இன்னும் அம்பிடேல்லை.

கடைசியாக் கதைக்கேக்கை, நுணுக்குக்காட்டியிலை நீ இரவிரவாப் பார்க்கிற உயிர்க்கலங்கள் விடியிறதுக்குள்ளை உருண்டு செத்துப்போகுது எண்டனீ. மூண்டு கிழமையாச்சு, பிறகு சத்தமில்லை. எனக்கு அதே யோசனைதான். நீ போடுறது ஹோக்ஸ்ட் 33342 எண்ட சாயம். உயிருள்ள கலத்துக்குள்ளை தானாப் போகும், கருவை நல்ல நீலமாக் காட்டும், சரி. ஆனால் கொன்போகல் எண்ட லேசர் நுணுக்குக்காட்டியிலை அதுக்கு 405 நானோமீட்டர் லேசர் அடிக்கவேணும். டிஎன்ஏயிலை ஒட்டின சாயத்திலை அந்த ஒளி திரும்பத் திரும்பப் பட்டால் டிஎன்ஏதான் பழுதாகும். ஒரு படம் எடுக்கிறதுக்கு அது காணும். இரவு முழுக்கக் கலம் பிரியிறதைப் பார்க்கிறதெண்டால் கடுஞ்சிவப்பிலை ஒளிர்ற எஸ்ஐஆர்-டிஎன்ஏ சாயம் நல்லது. அதையும் அள்ளிப் போடாதை. டிராக்5 எண்ட சாயமும் சிவப்புத்தான், ஆனால் டிஎன்ஏயை இறுக்கிப் பிடிச்சுக் கலத்தைப் பிரியவிடாது.

எதைப் போட்டாலும் சாயமும் போடாமல் ஒளியும் படாமல் கலம் வளர்ற கிண்ணம் ஒண்டு வை. சாயம் மட்டும் போட்டு ஒண்டு, ஒளி மட்டும் பட ஒண்டு. அப்பதான் கொல்லுறது எது எண்டு பிடிபடும்.

நீ அனுப்பின படத்தைப் பெரிசாக்கிச் சுவரிலை கொழுவியிருக்கிறன். வாறவைக்கெல்லாம் காட்டுறன். அவை உன்னைக் கேட்டால் என்ன சொல்லுறது, பிள்ளை?

உனக்குச் சொல்லாத ஒண்டு இருக்கு. 1993, கரண்ட் இல்லை. நுணுக்குக்காட்டிக் கண்ணாடியை வெளிச்சத்துக்குத் திருப்பித்தான் பார்த்தனான். இரத்தத்திலை மலேரியாக் கிருமியைக் காட்டுற கீம்சா சாயத்தை பிஎச் 7.2 தாங்கல் கரைசலிலை கலக்கவேணும். அந்தக் கரைசல் முடிஞ்சுபோச்சு. நான் கிணத்துத் தண்ணியிலை கலந்தன். எங்கடை சுண்ணாம்புத் தண்ணி தெரியும்தானே, சிலைட் முழுக்க நீலம் பூத்துக் கிடந்தது. மலேரியா இருக்கிறதெண்டு தெரிஞ்ச பழைய சிலைட் ஒண்டையும் சேர்த்துச் சாயம் போட்டிருந்தால் பிழை அப்பவே தெரிஞ்சிருக்கும். போடேல்லை. ‘கிருமி இல்லை’ எண்டு எழுதிக் குடுத்தன். ஏழு வயசுப் பெடியன். மூண்டாம் நாள் வலிப்போடை தூக்கிக்கொண்டு வந்தினம். பிழைச்சிட்டான். தண்ணியைப் பற்றி நான் ஒருத்தருக்கும் வாய் திறக்கேல்லை.

ஏ.எல். இரசாயனவியலுக்கு உனக்கு ‘பி’ வந்தநேரம் நாலு நாள் உன்னோடை கதைக்காமல் இருந்தவன் நான். அண்டைக்கு உன்னைக் கூப்பிட்டிருத்தி இதைச் சொல்லியிருக்கவேணும்.

ஒண்டும் போடாத கிண்ணத்தை மறவாதை. கலம் செத்த நாளிலையும் போன் எடு பிள்ளை, எந்த நேரமெண்டாலும் எடு.

அப்பா