மஞ்சள் நோட்டீசுக்கு முன்னால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் உள்பக்கத்தில் அவ்வப்போது வரும் ஐ.பி. அறிவிப்புகளை, அதாவது கடனைக் கட்ட முடியாதவர்கள் கோர்ட்டில் கொடுக்கும் திவால் மனு (மஞ்சள் நோட்டீஸ்) பற்றிய அறிவிப்புகளை, நான் ஒன்று விடாமல் படிப்பேன். 2025-ல் என் வீட்டுக்காரர் பெயரும் அதில் வந்திருக்க வேண்டியது.

சிவதாபுரத்தில் எங்களுக்கு ஒரு சின்னக் கொலுசுப் பட்டறை. வீட்டுப் பத்திரத்தை வைத்து வங்கியில் வாங்கிய தொழில் கடன், வட்டியோடு 4 லட்சத்து 30 ஆயிரம். புரோநோட்டு எழுதிக் கொடுத்து, சொந்தத்தில் ஒருவரிடமும் வெளியாள் ஒருவரிடமும் சேர்த்து 3 லட்சம். மூணு வட்டி, அதாவது மாதம் 9,000 ரூபாய். மகளிர் குழுவில் என் பெயரில் கொஞ்சம். எல்லாவற்றையும்விட மோசம் வெள்ளிக் கடன். வியாபாரிக்கு 2 கிலோ வெள்ளி பாக்கி, அதை வெள்ளியாகத்தான் திருப்ப வேண்டும். 2024 தொடக்கத்தில் வாங்கும்போது கிலோ ஏறக்குறைய 75 ஆயிரம். பிறகு விலை லட்சத்தைத் தாண்டியதும், கையில் ஒரு பைசா புதிதாக வாங்காமலே கடன் அரை லட்சம் ஏறிவிட்டது.

"ஐ.பி. கொடுத்துடலாம், ஒரே நாள்ல எல்லார் வாயும் அடைஞ்சுடும்" என்றார் அவர். "யார் கால்ல விழுந்தாவது பேசித் தீர்ப்போம், கோர்ட் படி மட்டும் ஏற வேண்டாங்க" என்றேன் நான். பத்து நாள் வீட்டில் இதே சண்டை.

கடைசியில் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், அங்கே சட்ட உதவி இலவசம். இது எனக்கு அதுவரை தெரியாது. அங்கிருந்த வழக்கறிஞர் அம்மா எங்கள் கதை முழுவதையும் கேட்டுவிட்டு என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "எந்தெந்தக் கடன்ல உன் கையெழுத்து இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரருக்கும் சரியாக நினைவில்லை. அன்று ராத்திரி பீரோவில் இருந்த காகிதமெல்லாம் தரையில் பரப்பினோம். வங்கிக் கடனில் நானும் கடன்தாரர். வெளியாளுக்கு எழுதிய நோட்டு ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம், தனிச் சண்டை அது.

மறுநாள் அந்த அம்மா விளக்கினார். நம் ஊர்களில் ஐ.பி. என்பது 1920-ம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டப்படி கொடுப்பது. என் வீட்டுக்காரர் ஐ.பி. கொடுத்தால் அது அவருக்கு மட்டும்தான். நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட கடன் என் தலையில் அப்படியே நிற்கும். அடமானத்தில் இருக்கும் வீட்டை விற்க வங்கிக்கு இருக்கிற உரிமையும் போகாது. இவ்வளவு செய்தும் ஐ.பி.யால் தப்புவது நோட்டுக் கடனும் வெள்ளிக் கடனும்தான் என்றதும் என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் வங்கிக் கடனை மட்டும், இரு தரப்பும் பேசிச் சமரசம் செய்துகொள்ளும் மக்கள் நீதிமன்றத்துக்கு (லோக் அதாலத்) கொண்டுபோனோம். வழக்குப் போடும் முன்பே போகலாம், கட்டணம் கிடையாது. அபராத வட்டியைத் தள்ளி 3 லட்சத்து 60 ஆயிரம், மூன்று தவணை. அந்த உத்தரவு தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை, தவணை தவறினால் வங்கி அதை அப்படியே நிறைவேற்றலாம். என் சங்கிலியும் ஊரில் இருந்த அவர் பங்கு நிலமும் போயின. கடன் கணக்கைப் பதிவு வைக்கும் சிபிலில் முழுதாக அடைத்ததாக இல்லாமல் 'செட்டில்டு' என்று ஏறிவிட்டதால், பிறகு ஸ்கூட்டர் கடன் கேட்டபோது தர மறுத்தார்கள். இதையும் சொல்லிவிட வேண்டும்.

வெள்ளியைப் பேசித்தான் தீர்த்தோம். மாதம் 100 கிராம் கூலியில் கழிகிறது, சிட்டையில் இருவரும் கையெழுத்துப் போடுகிறோம். கோர்ட் படி ஏறாமலே இது முடிந்தது. மகளிர் குழுக் கடனில் கை வைக்கவில்லை. நான் கட்டாவிட்டால் அதே குழுவில் இருக்கும் பக்கத்து வீட்டு அக்காதான் கட்ட வேண்டும்.

சொந்தக்காரர் வட்டியை விட்டுக்கொடுத்து, அசலை வாங்கிக்கொண்டு, ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்திட்ட நோட்டை அப்போதே கையில் கொடுத்தார். வெளியாளோ, பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, "நோட்டு எங்கியோ இருக்கு கண்ணு, அப்புறம் தர்றேன்" என்றார். ஆறு மாதம் கழித்து அதே நோட்டுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. கடைசி 40 ஆயிரத்தை மட்டும் ஜிபேயில் அனுப்பியிருந்தோம், அதுதான் இப்போது எங்கள் ஒரே சாட்சி.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். தேசிய மக்கள் நீதிமன்றம் வழக்கமாக வருஷத்துக்கு நான்கு முறை நடக்கிறது. அந்தத் தேதியை, ஐ.பி. அறிவிப்புக்குப் பக்கத்திலேயே, கண்ணாடி போடாதவர்களுக்கும் தெரிகிற எழுத்தில் கட்டம் கட்டிப் போடுங்கள்.

என் பெயர் வேண்டாம். நோட்டுக்காரரும் உங்கள் வாசகர்தான்.

இப்படிக்கு,
ஒரு கொலுசுப் பட்டறைக்காரரின் மனைவி,
சிவதாபுரம், சேலம்.