ஆகஸ்ட் 12ஐப் பிள்ளைகளிடம் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இனப்படுகொலைக்குப் பிறகு ருவாண்டாவின் இளைஞர்கள் சமாதானத்துக்காகச் செய்துவரும் வேலைகளைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை எங்கள் வயற்கண்டத்து வாடியில் இருந்து நாலு பேர் மாறி மாறி வாசித்தோம். அம்பாறை மாவட்டத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர் நாங்கள்: மற்ற மூன்று பேரும் முஸ்லிம் ஊரான சம்மாந்துறை, நான் தமிழ் ஊரான வீரமுனை. நல்ல கட்டுரைதான். ஆனால் நம்முடைய இளைஞர்களும் பழையதை மறந்து கைகோர்க்க வேண்டும் என்று அதை முடித்திருந்தீர்கள். அந்த இடத்தில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. ருவாண்டாப் பிள்ளைகள் எதையும் மறக்கவில்லை. அதனால்தான் அவர்களால் ஏதோ கொஞ்சம் செய்ய முடிந்திருக்கிறது. எங்கள் பிள்ளைகளும் மறக்காமல் இந்த ஆகஸ்ட் 12இல் சேர்ந்து நிற்க நினைக்கிறார்கள், அதற்கு வழிவிடக் கேட்டே இதை எழுதுகிறேன்.

1994 ஏப்ரல் 7ஆம் திகதி தொடங்கிச் சுமார் 100 நாட்களில் அங்கே எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் அங்கே சிறுபான்மை இனத்தவரான துட்சிகள், கொன்றவர்கள் பெரும்பான்மையினரான ஹுட்டுத் தீவிரவாதிகள். கொன்றவர்களில் எத்தனையோ பேர் பக்கத்து வளவுக்காரர்கள், ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்கள். அப்படியான நாட்டில் 1996இல் புட்டாரே பல்கலைக்கழகத்தில் தப்பிப் பிழைத்த மாணவர்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள், தங்களுக்குள்ளேயே ஒருவனை அப்பாவாகவும் ஒருத்தியை அம்மாவாகவும் தெரிந்தெடுத்துக் குடும்பம் குடும்பமாகப் பிரிந்து, ஒருவர் படிப்பை ஒருவர் பார்த்து, வருத்தம் வந்தால் பக்கத்தில் இருந்து வாழ்ந்தார்கள். அந்த அப்பாவுக்கும் இருபது வயசுதான் இருந்திருக்கும். அரசாங்கம் சொல்லியோ வெளிநாட்டுப் பணம் வந்தோ தொடங்கிய வேலை அல்ல அது. குடி வழி பார்த்துச் சொந்தம் சொல்லுகிற நம் மட்டக்களப்புப் பக்கத்தாருக்கு அதன் பாரம் விளங்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்த வருடம், 1997 மார்ச் மாதம், நியாங்கே என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் ஆயுதக்காரர் புகுந்து, ஹுட்டு ஒரு பக்கம் துட்சி ஒரு பக்கம் பிரிந்து நில்லுங்கள் என்றார்கள். பிள்ளைகள் பிரியவில்லை. நாங்கள் எல்லோரும் ருவாண்டாக்காரர் என்றார்கள். சுட்டார்கள், குண்டு எறிந்தார்கள். சிலர் அங்கேயே செத்தார்கள். இன்று அந்த மாணவர்கள் அந்த நாட்டின் தேசிய வீரர்கள்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். நான் வட்டவிதானை, கண்டத்து வயல்களின் தண்ணீரைப் பார்க்க விவசாயிகள் தெரிவு செய்கிற ஆள். எங்கள் கண்டத்தில் தமிழர் வயலும் முஸ்லிம் வயலும் வரம்புக்கு வரம்பு கலந்து கிடக்கின்றன. போகம் தொடங்குகிற ஆரம்பக் கூட்டத்தில் சண்டை பிடிப்போம், பிறகு ஒரே வாய்க்காலைச் சேர்ந்து துப்புரவு செய்வோம். என்னைத் தெரிவு செய்த கைகளில் பாதிக்கு மேல் சம்மாந்துறைக் கைகள். 1990இல் நான் சாதாரண தரம் படித்துக்கொண்டிருந்த பெடியன். அந்த ஆகஸ்ட் 12ஆம் திகதி, எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் தேடியிருந்த தமிழ்ச் சனத்தின் மேல் முஸ்லிம் ஊர்காவல் படையினர் புகுந்து செய்ததை இங்கே விரித்து எழுத மாட்டேன். என் மகளுக்கு அவள் உயர்தரம் படிக்கையில் எல்லாம் சொன்னேன்.

அவள் இப்போது பல்கலைக்கழகம் போகிறாள். அங்கே வீரமுனைப் பிள்ளைகளும் சம்மாந்துறைப் பிள்ளைகளுமாகக் கொஞ்சப் பேர் சேர்ந்து, இரண்டு ஊர்ப் பெரியவர்களிடமும் போய்த் தொண்ணூறாம் ஆண்டைக் கேட்டுப் போனில் பதிந்து வருகிறார்கள். அப்படித்தான் ஒருநாள் பின்னேரம் சம்மாந்துறைப் பெடியன் ஒருவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்தபடி விறாந்தையில் இருந்தான். தேத்தண்ணி ஆறிக்கொண்டே இருந்தது, அவன் தொடவில்லை. பிறகு கேட்டான்: "மாமா, உங்கட கோயில்ல என்ன நடந்த? எங்கட ஊர்ல ஒருத்தரும் அதக் கதைக்கல்ல."

என் மனைவி எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். நான் சொன்னேன். இருட்டும் வரை சொன்னேன். இடையில் அவன் போனை அணைத்துவிட்டான். ஏன் மனே என்று கேட்டதற்கு, "இது பதியிற கத இல்ல மாமா, நான் கேட்கிற கத" என்றான். கடைசியில் அவன் ஒன்று சொன்னான். அவனுடைய மூத்தம்மாவின் (பாட்டியின்) தம்பி காத்தான்குடியில் கலியாணம் முடித்திருந்தவர். 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் வைத்து வழிமறித்து இறக்கிக் கொண்டுபோகப்பட்ட முஸ்லிம்களில் அவரும் ஒருவர். கொண்டுபோனவர்கள் புலிகள். மையித்து (உடல்) இன்னும் கிடைக்கவில்லை. மூத்தம்மா இப்போதும் கல்முனைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறினால் அந்த இடத்தில் முகத்தை மூடிக்கொள்வாராம்.

எத்தனை வருடங்கள் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சியிருப்போம்? இதை அவன் குடும்பம் எங்களுக்குச் சொன்னதில்லை, நாங்கள் அவர்களுக்குச் சொன்னதும் இல்லை.

இந்தப் பிள்ளைகள்தான் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். வீரமுனையில் அது நடந்தது ஆகஸ்ட் 12. ஏறாவூரில் புலிகள் முஸ்லிம் வீடுகளுக்குள் புகுந்து பிள்ளைத்தாய்ச்சி, குழந்தை குட்டி என்று பாராமல் கொன்றது 11ஆம் திகதி இரவு தொடங்கி 12 விடியுமட்டும். அதே வருடம், அதே திகதி. இத்தனை காலமும் நாங்கள் கோயிலடியில் விளக்கு வைத்து அழுகிற அதே நாளில் ஏறாவூரில் அவர்கள் தங்கள் சுஹதாக்களுக்காக, அன்று உயிர் கொடுத்தவர்களுக்காக, துஆ கேட்டுப் பிரார்த்திக்கிறார்கள்.

ஆகவே பிள்ளைகள் ஒரு திட்டம் போட்டார்கள். அந்த நாளில் காலையில் எல்லோரும் வீரமுனையில் நிற்பது, பின்னேரம் ஒரே பஸ்ஸில் ஏறாவூருக்குப் போய் அங்கே நிற்பது. விளக்கேற்றுவது மார்க்கத்துக்குச் சரிவராது என்று முஸ்லிம் பிள்ளைகள் சொன்னார்கள். சரி, எங்கள் பிள்ளைகள் விளக்கேற்றட்டும், அவர்கள் அமைதியாக நிற்கட்டும். அங்கே துஆ ஓதும்போது இவர்கள் நிற்கட்டும். பேச்சு இல்லை, மேடை இல்லை. இரண்டு இடத்திலும் செத்தவர்களின் பெயர்களை வாசிப்பது மட்டும். எங்கள் பெயர்களைச் சம்மாந்துறைப் பிள்ளை வாசிக்கும், ஏறாவூர்ப் பெயர்களை வீரமுனைப் பிள்ளை வாசிக்கும். பஸ் போகிற பாதையை யோசித்துப் பாருங்கள். குருக்கள்மடம் வரும். பிறகு காத்தான்குடி: 1990 ஆகஸ்ட் 3, இஷா என்ற இரவுத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்ட இரண்டு பள்ளிவாசல்கள். மட்டக்களப்பைத் தாண்டினால் சத்துருக்கொண்டான்: அதே வருடம் செப்டம்பர் 9, இராணுவம் கூட்டிப்போய்க் கொன்ற 180க்கும் மேற்பட்ட தமிழ்ச் சனத்தின் நினைவுத்தூண். அதற்கு அடுத்ததுதான் ஏறாவூர். புத்தகம் தேவையில்லை, அந்த ஒரு பாதை போதும்.

இதைத்தான் போன வருடம் பெரியவர்கள் நிறுத்தினார்கள், இரு பக்கத்திலும். எங்கள் நினைவு நாளில் அவர்கள் கால் வைக்கக் கூடாது என்றார் எங்கள் ஆள் ஒருவர். பழைய புண்ணைக் கிண்டினால் ஊர் பற்றும் என்றார் அங்கே ஒருவர். உதவி செய்ய வந்த ஒரு நிறுவனம், இதெல்லாம் வேண்டாம், இரண்டு ஊருக்கும் கிரிக்கெட் வைப்போம், ரீசேட் தருகிறோம் என்றது. பிள்ளைகள் கிரிக்கெட் எப்போதும் விளையாடுகிறார்கள், அதற்கு யாரும் காசு தர வேண்டியதில்லை. கேட்க அவர்களுக்கு வாய் இருக்கிறது. பதில் சொல்லத்தான் நாங்கள் மறுக்கிறோம்.

பேசாமல் இருந்தால் ஊர் பற்றாதா? 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் கிடந்த மாவுக்கட்டியைச் சிங்களவருக்குக் கொடுக்கிற மலட்டு மாத்திரை என்று சொல்லிக் கடையை உடைத்தார்கள், பள்ளிவாசலைத் தாக்கினார்கள். அது வெறும் மாவுதான் என்று அரச பகுப்பாய்வாளர் அறிக்கை கொடுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அடுத்த வருடம் உயிர்த்த ஞாயிறுத் தற்கொலைக் குண்டுகள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் செத்த பிறகு எங்கள் சந்தையில் யார் யாரிடம் மரக்கறி வாங்குவது என்பதே பிரச்சினையாகிவிட்டது. ருவாண்டாவில் துட்சிகளைக் கொல்லத் தூண்டிய வானொலி செய்த வேலையை இங்கே போன் செய்கிறது. அடுத்தவன் வீட்டில் என்ன நடந்தது என்று தெரியாத பிள்ளை, வருகிற எந்தக் கதையையும் நம்பும்.

இதைச் சொல்கிறேன் என்பதற்காக நீதி வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ருவாண்டாவில் திட்டம் போட்டவர்களை அருஷாவில் சர்வதேச நீதிமன்றம் விசாரித்தது. ஊருக்குள் கொன்றவர்களைக் கச்சாச்சா என்ற ஊர் மன்றுகள் 2012 வரை விசாரித்தன, ஏறக்குறைய 19 இலட்சம் வழக்குகள். நீதவான்கள் சனமே தெரிந்தெடுத்த ஊர்மனிதர்கள். அதிலும் பெரிய குறை இருந்தது: போரில் வென்ற தரப்பின் படையினர் செய்த கொலைகள் அந்த மன்றுகளுக்கு வரவே இல்லை. அந்தக் குடும்பங்கள் வெளியில் அழ முடியாமல் இருக்கின்றன. முள்ளிவாய்க்காலுக்கு நீதி கேட்கிற எங்களுக்கு, வென்றவன் மற்றவனை அழ விடாவிட்டால் என்னவாகும் என்று சொல்லித்தரத் தேவையில்லை. அதே காரணத்தால்தான் ஏறாவூரையும் குருக்கள்மடத்தையும் அரந்தலாவையில் பஸ்ஸுக்குள் புலிகளால் வெட்டப்பட்ட இளம் பிக்குகளையும் எங்கள் வாயால் நாங்கள் சொல்ல வேண்டும். வீரமுனைக்கு நான் அறிய ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். அந்தப் பெடியனும் தன் மூத்தம்மாவின் தம்பிக்காகக் கேட்கட்டும். இரண்டு பேரும் ஒரே வாசலில் போய்க் கேட்டால் ஆட்சியில் இருப்பவர்களுக்கு எங்களைப் பிரித்துப் பதில் சொல்வது கடினம்.

2015இல் ஐ.நா. பாதுகாப்புச் சபை 2250 என்ற தீர்மானத்தில், சமாதான வேலைகளில் முடிவெடுக்கும் இடத்தில் இளைஞர்களுக்குப் பங்கு வேண்டும் என்று சொன்னது. நியூயோர்க் வரை போக வேண்டாம். எங்கள் கோயில் பரிபாலன சபையும் சம்மாந்துறைப் பள்ளிவாசல் நம்பிக்கையாளர்களும் ஏறாவூர்ப் பெரியவர்களும் இந்த ஆகஸ்ட் 12க்குத் தடை சொல்லாமல் இருந்தால் போதும். வந்து நிற்க விரும்பாதவர்கள் வீட்டில் இருக்கலாம், பிள்ளைகளை மறிக்க வேண்டாம். பொலிசார் பெயர் விபரம் கேட்டுப் பிள்ளைகளின் வீடுகளுக்கு வந்து வெருட்டாமல் இருந்தால் அதுவும் பெரிய உதவி. பஸ் கூலியை எங்கள் கண்டத்து விவசாயிகள் சேர்க்கிறோம், பாதிக் காசு ஏற்கனவே கையில் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். பெயர்ப் பட்டியல் இன்னும் முழுமையாகவில்லை. வீரமுனையிலோ ஏறாவூரிலோ அன்று இழந்த உறவுகளின் பெயர், வயது, ஒரு படம் வைத்திருப்பவர்கள், எந்த ஊரில் இப்போது இருந்தாலும், தங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பினால் பிள்ளைகள் வந்து பெற்றுக்கொள்வார்கள். படத்தைப் பிரதி எடுத்துவிட்டு மூலப்படத்தைக் கையிலேயே திருப்பிக் கொடுப்பார்கள். சிறுபோக வெட்டு தொடங்குவதற்கு முதல் இக்கடிதத்தைப் பிரசுரித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். வெட்டுத் தொடங்கினால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் பத்திரிகை பார்க்க நேரம் இராது.

இப்படிக்கு,
வட்டவிதானை ஒருவர்,
வீரமுனை.