உன் ஜன்னலுக்கு வெளிய இருக்கிற லிட்டன்

எய்யா ராசா,

நேத்து மருமக போன்ல சொன்னதுல இருந்து எனக்கு அதே நினைப்பாதான் இருக்கு. புது வீடு நல்லாருக்கு அத்தை, ஸ்டேஷனுக்கு நடந்தே போயிரலாம், ஆனா பின்பக்க ஜன்னலைத் திறந்தா கல்லறைத் தோட்டம்தான் தெரியுது, ராத்திரி பாப்பா முழிச்சு அழுதா அந்த ரூமுக்குப் போகவே பயமா இருக்குன்னா. நீ பக்கத்துல இருந்துக்கிட்டு, அது ஏதோ லிட்டனாம்மா, இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, ஏதோ ஆளு பேரு போலன்னுட்ட. ஆளு பேரு இல்லய்யா. நான் முப்பது வருஷம் காலேஜ்ல பழைய ஆங்கிலம் நடத்துனவ, எனக்கு இந்த வார்த்தை மேல ஒரு தனிப் பிரியம் உண்டு, அதான் போன்ல சொல்லாம உக்காந்து எழுதுறேன், மருமகளுக்கும் வாசிச்சுக் காட்டு.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ஆங்கிலத்துல 'லீக்டூன்'னு ஒரு சொல் இருந்துச்சு. லீக்னா உடம்பு, டூன்னா வேலி போட்ட இடம். அந்த டூன்தான் பின்னாடி டவுன் ஆச்சு, சவுத்தாம்ப்டன், பிரைட்டன்னு ஊர்ப் பேர் கடைசியில வருதே அதுவும் அதுதான். லீக்டூன் வாயில தேஞ்சு தேஞ்சு லிட்டன் ஆயிருச்சு. இங்கிலாந்துல நீங்க இருக்கிற பாசிங்ஸ்டோக்ல ஒரு டி போட்டு எழுதுறாங்க, சிசெஸ்டர்ல நியூபோர்ட்ல எல்லாம் ரெண்டு டி, சொல் ஒண்ணுதான். உடம்பை வைக்க வேலி போட்டு வச்ச இடம், அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம், பேயும் இல்ல பிசாசும் இல்ல.

இதுல முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. லீக்னா பிணம் மட்டும் இல்ல. உயிரோட இருக்கிறவன் உடம்பும் லீக்தான், செத்தவன் உடம்பும் லீக்தான், அந்த ஜனங்க ரெண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் வச்சிருந்தாங்க. அப்புறம் பிரெஞ்சு வழியா வந்த கார்ப்ஸ் உள்ள புகுந்து, லீக் ஓரமா ஒதுங்கிப்போச்சு, ஒதுங்கினது செத்த உடம்புகூட மட்டும் ஒட்டிக்கிச்சு. ஆனா வேற ஒரு வேஷத்துல அது இன்னமும் உயிரோட இருக்கு தெரியுமா, நீ ஆபீஸ் மெயில்ல கைண்ட்லி கைண்ட்லின்னு எழுதுறியே, அந்தக் கடைசி 'லி' இந்த லீக்கோட வம்சம்தான். ஃபிரண்ட்லின்னா நண்பனோட உருவம் கொண்டதுன்னு முதல்ல அர்த்தம். லைக்னு ஒரு சொல் இருக்கே, அதைப் போலங்கிறதுக்கு, அதுவும் அதே வேர். இதை கிளாஸ்ல சொல்லும்போதெல்லாம் பிள்ளைங்க நிமிர்ந்து பார்க்கும்.

காலேஜ் படிக்கும்போது நீ ராத்திரி பூரா கேம் விளையாடுவியே, அதுல லிச்னு ஒரு செத்த மந்திரவாதி வருவான்ல, அவன் பேரும் இங்க இருந்து போனதுதான். லிச்கேட்டும் அப்படியே. பழைய சர்ச்சுங்க வாசல்ல ஓடு போட்ட கூரையோட ஒரு கேட் நிக்கும், பாப்பாவை நிக்க வச்சு போட்டோ எடுத்து அனுப்பினியே, அது லிச்கேட்தான். உடம்பைத் தூக்கிட்டு வந்தவங்க அதுக்குக் கீழ இறக்கி வச்சிட்டு பாதிரியாருக்காகக் காத்து நிப்பாங்க. அன்னைக்கு ஏழை பாழைங்களுக்குப் பெட்டி எல்லாம் கிடையாது, துணியில சுத்தி பாடையில கொண்டாந்து குழியில இறக்குறதுதான். மழை ஊர் வேற அது, கூரை இல்லாம எப்படி நிப்பாங்க. டார்ட்மூர்ல லிச் வேன்னு ஒரு பாதையே இருக்கு, சதுப்பு மேட்டைத் தாண்டி பிணத்தை லிட்ஃபோர்டு சர்ச்சுக்குத் தூக்கிட்டுப் போன வழி, ஏறக்குறைய 12 மைல். பக்கத்துல வேற சர்ச் இருந்தும் புதைக்கிற உரிமை அந்த மேட்டு ஜனங்களுக்கு லிட்ஃபோர்டுலதான்னு இருந்துச்சு, 1260ல பிஷப் மனசு வச்சு, ரெண்டு குடியிருப்புக்காரங்க மட்டும் கிட்டக்க இருக்கிற விடிகம் ஊர் சர்ச்சுக்குப் போய்க்கலாம்னு எழுதிக் கொடுத்தாரு. செத்தவனைப் புதைக்க ஆறடி இடம் கேட்டு எவ்வளவு அலைஞ்சிருக்காங்க பாரு.

இப்ப உன் ஜன்னல் கதைக்கு வரேன். பாசிங்ஸ்டோக்ல ஊர் நடுவுல அவங்க சர்ச் இருக்கு, செயின்ட் மைக்கேல்ஸ், ஆனா இந்த லிட்டன் மட்டும் ஏன் அதை விட்டு விலகித் தனியா மேட்டுல இருக்குன்னு யோசிச்சியா? ஜான் ராஜாவுக்கும் மூணாம் இன்னொசென்ட் போப்புக்கும் கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பா யாரை வைக்கிறதுங்கிறதுல சண்டை, ராஜா பிடிவாதமா இருந்ததால போப் 1208ல இங்கிலாந்து முழுக்க சர்ச்சு காரியங்களுக்குத் தடை போட்டுட்டாரு. 1214 வரைக்கும் மணி அடிக்கக் கூடாது, பூசை வைக்கக் கூடாது, செத்தவங்களை மந்திரிச்ச மண்ணுல புதைக்கக் கூடாது. ஆறு வருஷம்யா. சண்டை பெரிய இடத்துல, வீட்ல பிள்ளையைப் பறிகொடுத்தவ என்ன செய்வா? சாலை ஓரத்துலயும் பள்ளத்துலயும் ஜெபம் இல்லாமப் புதைச்சிருக்காங்க. பாசிங்ஸ்டோக்காரங்க அப்பத்தான் ஊருக்கு வடக்க அந்த மேட்டுல இடம் பார்த்து அடக்கம் பண்ண ஆரம்பிச்சாங்கன்னு ஊர் வரலாறு சொல்லுது, தடை நீங்கினப்புறம் அந்த மண்ணையே மந்திரிச்சு, பரிசுத்த ஆவி பேர்ல சேப்பல்னு ஒரு சின்ன ஜெபக்கோயிலும் கட்டினாங்க. நீ பார்க்கிற அந்த இடிஞ்ச சுவரு அதோடதுதான். அதுல ஒட்டி நிக்கிற இன்னொரு சேப்பல், 1524 வாக்குல சாண்டிஸ் பிரபு தன் குடும்பத்துக்காகக் கட்டினது. அதுக்கு வெகு காலம் கழிச்சு 1839ல ரயில் வந்து கிட்டக்க ஸ்டேஷனும் கட்டிட்டாங்க, அதனாலதான் உன் பிளாட்டும் அந்த மேடும் இப்படி எதிரெதிரே நிக்குது.

எனக்கு அந்த ஜனங்களை நினைச்சா கையெடுத்துக் கும்பிடணும்போல இருக்கு. மேல இருக்கிறவங்க வேண்டாம்னு சொன்ன நேரத்துலயும் நம்ம ஆளுங்களை நாய் நரிக்கு விட மாட்டோம்னு வேலி போட்டு வச்ச இடம் அது. மருமககிட்ட இதை அழுத்திச் சொல்லு.

இன்னொரு கதை இருக்கு, அக்கம்பக்கத்துல யாராவது அரைகுறையா சொல்லி அவளைப் பயமுறுத்துறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன். 1674ல பிளண்டன்னு ஒரு மால்ட் வியாபாரியோட பொண்டாட்டி, கசகசாச் செடியில இறக்கின மருந்துத் தண்ணியைக் குடிச்சு அசையாமக் கிடந்திருக்கா, செத்துட்டான்னு நினைச்சு அந்த லிட்டன்ல புதைச்சிட்டாங்க, அங்க இருந்த ஸ்கூல் பசங்க விளையாடும்போது மண்ணுக்குள்ள சத்தம் கேட்டு ஓடிப்போய்ச் சொல்லிருக்காங்க. அவளைக் காப்பாத்த முடியல. கேட்டா நெஞ்சு பதறும்தான். ஆனா அது பேய்க் கதை இல்ல, செத்துட்டாங்களான்னு சரியா உறுதி பண்ண வழி இல்லாத காலத்துல ஒரு பொம்பளைக்கு நடந்த அநியாயம், அவளுக்காக வருத்தப்படலாம், அவளை நினைச்சுப் பயப்பட என்ன இருக்கு.

அதே ஊர்ல பள்ளிக்கூடம் படிச்ச கில்பர்ட் வைட்டு, பறவை பூச்சி பத்தி எழுதிப் பேர் வாங்கினவர், 1789ல வந்த புத்தகத்துல ஒரு விஷயம் சொல்லிருக்காரு, சின்ன வயசுல பசங்க எல்லாம் சேர்ந்து அந்தச் சேப்பல் சுவர்ல ஒரு பெரிய துண்டுக்கு அடியில தோண்டிருக்காங்க, இவரும் கூட நின்னாராம். அவங்க இருக்கும்போது விழல, ராத்திரி விழுந்திருக்கு, பூமியே அதிர்ந்துச்சாம். அதனால பாப்பாவைக் கூட்டிட்டுப் போனா அந்தச் சுவர் பக்கம் ஏற விடாத, எட்ட நின்னே காட்டு.

லிட்டன் இன்னைக்கு ஹாம்ப்ஷயர், சசெக்ஸ், ஐல் ஆஃப் வைட்னு தெற்குப் பக்கம்தான் ஊர்ப் பேராவும் ரோட்டுப் பேராவும் மிச்சம் இருக்கு. மத்த இடத்துல எல்லாம் சர்ச்யார்டு, செமட்ரின்னு ஆயிருச்சு. செமட்ரி கிரேக்கத்துல இருந்து வந்தது, தூங்குற இடம்னு அர்த்தம், அழகான சொல்தான், நான் குறை சொல்லல, ஆனா லிட்டன் அந்த மண்ணுலயே முளைச்சது. லிச்ஃபீல்டு ஊருக்கு மட்டும் இந்தக் கணக்கைப் போட்டுராத. அது பிணக் காடுன்னு ஒரு கதை ரொம்ப காலமா இருக்கு, ஊர் முத்திரையிலயே வெட்டுப்பட்ட உடம்புங்களை வரைஞ்சு வச்சிருக்காங்க, உண்மையில அது லெட்டோசெட்டம்னு ரோமர் காலத்துப் பேர்ல இருந்து வந்தது, சாம்பல் நிறக் காடுன்னு பழைய கெல்டிக்ல அர்த்தம். சத்தம் ஒத்துப்போனா போதும்னு வேர் சொல்லிரக் கூடாது, இதுல எனக்கு எப்பவும் கோவம் வரும்.

ஈஸ்டர் லீவுக்கு ஐல் ஆஃப் வைட் போறோம்னியே, சவுத்தாம்ப்டன்ல ஃபெர்ரி ஏறிப் போனா நியூபோர்ட்ல ஒரு மணி நேரம் இறங்கிப் பாரு. அங்க சர்ச் லிட்டன்னே ஒரு பூங்கா இருக்கு. நியூபோர்ட்காரங்களுக்குச் சொந்தமா புதைக்கிற இடம் இல்லாம கேரிஸ்புரூக்குக்குத் தூக்கிட்டுப் போய்க்கிட்டு இருந்தாங்க, 1580கள்ல பிளேக் வந்து சாவு கூடிப்போனப்புறம்தான் இந்த இடம் கிடைச்சுது. இப்ப புல்லும் பெஞ்சுமா இருக்கு, பிள்ளைங்க ஓடி விளையாடும். உள்ள ஒரு நினைவுத் தூண் நிக்கும், வாலன்டைன் கிரேன்னு ஒரு பையனுக்கு, புகைக்கூண்டுக்குள்ள ஏறிச் சுத்தம் பண்ற வேலைக்கு வச்சிருந்த பிள்ளை, முதலாளி கொடுமை தாங்காம 1822ல பத்து வயசு ஆகுறதுக்கு முன்னாடியே செத்துட்டான். ஊர் ஜனங்க காசு போட்டு அவனுக்கு அந்தத் தூணை வச்சாங்க. யார் பெத்த பிள்ளையோ. அங்க ஒரு பூ வச்சிட்டு வா, அம்மா சொன்னேன்னு வை.

அதுக்கு முன்னாடி இந்த ஞாயித்துக்கிழமையே வெயில் இருக்கும்போது மருமகளையும் பாப்பாவையும் கூட்டிட்டு சேப்பல் ஹில் மேல ஒரு தடவை நடந்து போ. ஷூ போட்டுக்கச் சொல்லு, புல்லு ஈரமா இருக்கும். கேட்டுக்கிட்ட விவரப் பலகை ஏதும் இருந்தா எழுத்து தெரியுற மாதிரி கிட்டக்க நின்னு போட்டோ எடுத்து அனுப்பு, என்ன எழுதிருக்காங்கன்னு நான் பார்க்கணும். பாப்பாவுக்கு இருமல் விட்டுச்சான்னும் சொல்லு, இல்லன்னா போறதை அடுத்த வாரம் வச்சுக்கோங்க.

அம்மா