டண்டீயிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? இங்கே ஸ்காட்லாந்தில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. டே ஆற்றுக் காற்று காதைப் பிய்க்கிறது. வேலை பரவாயில்லை, நல்ல அரிசியும் கிடைக்கிறது.

போன சனிக்கிழமை பக்கத்து வீட்டுத் தாத்தா என்னை டானடைஸ் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆட்டுக்கறி அடைத்த அப்பம் ஒன்றைக் கையில் கொடுத்தார். கடித்ததும் சூடான கொழுப்பு மணிக்கட்டில் வழிந்தது! அது டண்டீ யுனைடெட் என்ற கால்பந்து கிளப்பின் மைதானம். எதிரி கிளப்பான டண்டீயின் டென்ஸ் பார்க் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

தாத்தா ஆட்டத்தைப் பார்த்ததைவிட யுனைடெட்டின் பழைய மேலாளர் ஜிம் மெக்லீனைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். நம் ஊர் கிளப்புக்குச் செயலாளராகப் பந்துக்கும் வலைக்கும் அலைந்த உங்களுக்கு இது பிடிக்கும்.

லார்க்ஹாலில் 1937இல் பிறந்தவர், தச்சு வேலை கற்றவர். ஹாமில்டன், கிளைடு, டண்டீ, கில்மார்னாக் அணிகளுக்கு ஆடியிருக்கிறார். அப்புறம் டண்டீ கிளப்பில் பயிற்சியாளர். 1971 டிசம்பரில் யுனைடெட்டுக்கு மேலாளராகத் தாவினார். வீரர்களை விலைக்கு வாங்கப் பெரிய பணம் கிடையாது. பள்ளிப் பையன்களைப் பிடித்து வளர்த்து, நீண்ட ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டார். வாய் பொல்லாத வாயாம். தாத்தா இதைப் பெருமையாகச் சொன்னார். எனக்கென்னவோ, சின்னப் பையன்களை அப்படிக் கட்டிப்போட்டது நியாயமாகப் படவில்லை.

ஆனால் பலன் கிடைத்தது. 1983 மே 14 அன்று எதிரியின் டென்ஸ் பார்க்கிலேயே 2-1 என்று ஜெயித்து ஸ்காட்லாந்து லீக் பட்டம் வாங்கினார்கள். 1987இல் பார்சிலோனாவை இரண்டு ஆட்டங்களிலும் தோற்கடித்து, ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூஃபா கோப்பையின் இறுதிவரை போய் ஸ்வீடன் கிளப்பான கோத்தன்பர்க்கிடம் தோற்றார்கள்.

ஸ்காட்டிஷ் கோப்பை மட்டும் அவருக்கு ராசியில்லை. ஆறு இறுதி ஆட்டம், ஆறும் தோல்வி. 1991இல் எதிரணி மதர்வெல்லின் மேலாளர் யார் தெரியுமா? அவருடைய சொந்தத் தம்பி டாமி! சில நாள் முன்னால்தான் இருவருடைய அப்பாவும் காலமாகியிருந்தார். கூடுதல் நேரம் போய் 4-3 என்று தம்பி ஜெயித்தார். ஜெயித்தவரும் தோற்றவரும் துக்க வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லும்போது தாத்தாவுக்கே குரல் கம்மியது.

1988 முதலே மெக்லீன் கிளப் தலைவரும்கூட. 1993இல் மேலாளர் வேலையை விட்டுத் தலைவராக மட்டும் இருந்தார். அடுத்த வருஷமே, வேறொருவர் மேலாளராக இருக்கும்போது, ரேஞ்சர்ஸை 1-0 என்று வென்று அந்தக் கோப்பை வந்துவிட்டது! தலைவர் நாற்காலியிலும் கோபம் குறையவில்லை போலிருக்கிறது. 2000இல் சொந்த மைதானத்தில் 4-0 தோல்விக்குப் பிறகு கேள்வி கேட்ட நிருபரை அடித்துவிட்டு, பதவியை விட்டு இறங்கினார். 2020 டிசம்பரில் இறந்தார்.

தம்பிக்கு யுனைடெட்டின் ஆரஞ்சுச் சட்டை வாங்கி அனுப்புகிறேன், அளவு எழுதுங்கள். டண்டீயின் நீலச் சட்டைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், தாத்தாவுக்குத் தெரியாமல்தான் வாங்க வேண்டும்.

உங்கள் அன்பு மகள்