ஓடையைக் காத்துக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள ஊர் மக்களுக்கும், அன்று ஓடி வந்த எல்லோருக்கும் வணக்கம்.

ஐப்பசி இரண்டாம் வாரம், மதியம் மூன்று மணி இருக்கும். வெள்ளைத் தண்டு துளைப்பான் புழுவுக்காகக் காபித் தண்டில் பூச வாங்கிய குளோர்பைரிபாஸ் பூச்சிமருந்து, 5 லிட்டர் கேன் நான்கு உள்ள பெட்டி, களத்து ஓரத்தில் இறக்கியபடியே கிடந்தது. பிக்கப்பைப் பின்னால் எடுத்தவன் நான்தான். பெட்டி இருக்கிற ஞாபகமே வரவில்லை. சத்தம் கேட்டு இறங்கினால் இரண்டு கேன் பிளந்து, 10 லிட்டரும் சிமென்ட் களத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் போல ஒரு நெடி மூக்கில் ஏறியது.

எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: ஹோஸை எடுத்துக் கழுவி விட வேண்டும். கை குழாயில் இருந்தது. கடைசி வீட்டுப் பெரியப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "தண்ணி ஊத்தாதே, அங்க பாரு" என்றார். குழாயடியில் சொட்டின தண்ணீர் மருந்தோடு சேர்ந்த இடம் பால் போல வெளுத்து, அந்த வெள்ளை வாய்க்கால் பக்கம் நகர ஆரம்பித்திருந்தது. தண்ணீரில் கலந்து பரவத்தான் அந்த மருந்தையே தயாரிக்கிறார்கள். நான் குழாயைத் திறந்திருந்தால் வாய்க்கால் வழியாக நேரே ஓடைக்குப் போயிருக்கும். கீழே இருக்கிற மலையாளி பழங்குடி மக்களின் குடியிருப்புக்கு அந்த ஓடைதான் குடிதண்ணீர். பெரியப்பா, இந்த மடலில் முதல் நன்றி உங்களுக்கு. எத்தனை முறை நேரில் சொன்னாலும் எனக்குத் தீரவில்லை.

அதற்குள், கேனை நிமிர்த்த வெறுங்கையோடு ஓடிய அக்காவின் கையிலும் சேலையிலும் மருந்து கொட்டிவிட்டது. நர்ஸம்மா வந்தவுடன் வேறு எதையும் பேசவில்லை. அக்காவைக் காற்று வரும் பக்கமாக மேலே கூட்டிப்போய், சேலையை மாற்றச் சொல்லி, மறைவில் வைத்துக் கை, கழுத்து, தலைமுடி எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவினார். அந்தத் தண்ணீரைக்கூடப் பெரிய அண்டாவில் பிடித்து வைத்தார். அவர் கையில் ரப்பர் கையுறை இருந்தது. நாங்கள் நீட்டிய துணிக் கையுறையை வேண்டாம் என்று தள்ளிவிட்டார். துணி மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்ட வைத்துக்கொள்ளுமாம்.

கொஞ்ச நேரத்தில் அக்காவுக்கு உடம்பெல்லாம் வியர்த்து, வாயில் எச்சில் ஊறி, கண்மணி கடுகளவுக்குச் சுருங்கிவிட்டது. 108 வந்தது. வண்டியை எடுக்கும்போது தம்பி ஒருவன் ஓடி வந்து, பிளந்த கேனில் ஒட்டியிருந்த லேபிளைக் கிழித்து பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தான். அதில் விஷத்தின் கடுமையைக் காட்டும் மஞ்சள் முக்கோணமும் மருந்தின் பெயரும் இருந்தன. இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கிச் சேலம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து?" லேபிளைப் பார்த்த உடனே விஷமுறிவான அட்ரோபின் ஊசியை ஆரம்பித்துவிட்டார்கள். இரவு முழுக்க விழித்திருந்து பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும், வளைவுகளில் வண்டியை அலுங்காமல் இறக்கிய 108 ஓட்டுநருக்கும் எங்கள் குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது. தம்பி, அந்த லேபிளைக் கொண்டுவர வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

இங்கே களத்தில் இன்னொரு கவலை. வடக்கே மேகம் கறுத்து நின்றது. மழை இறங்கினால் நாங்கள் தடுத்ததெல்லாம் வீண். பெரியப்பா சொல்லச் சொல்ல, பையன்கள் உரச் சாக்கில் மண் நிரப்பி முதலில் வாய்க்கால் வாயை அடைத்தார்கள். அப்புறம் சுற்றிலும் ஒரு வரப்பு. பீடி பற்ற வைத்திருந்தவரை அப்போதே வெளியே அனுப்பினார்கள், மருந்தில் கலந்திருக்கும் கரைப்பான் தீப்பற்றும் என்பதால். பக்கத்து வீட்டுச் சித்தி ஆட்டையும் கோழியையும் பிள்ளைகளையும் மேட்டு வீட்டுக்கு ஓட்டிப்போய், இரண்டு நாள் அங்கேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்.

மரப் பட்டறை அண்ணன் சில்வர் ஓக் மரத்தூளைப் பத்து மூட்டை ஏற்றிவந்தார். காசு பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. ஓரத்திலிருந்து நடுவுக்குத் தூளைக் கொட்டிக்கொண்டே வந்தோம். மஞ்சளாக இருந்த தூள் பார்க்கப் பார்க்க ஈரமேறிக் கறுத்தது. அள்ளி டிரம்மில் போட்டு, மறுபடி புதுத் தூள். மூன்று தடவை. கடைசியில் நீற்றிய சுண்ணாம்பைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துத் தரையில் தேய்த்து ஊறவிட்டு, அதையும் தூளாலேயே ஒற்றி எடுத்தோம். இந்த வகை மருந்து சுண்ணாம்பின் காரத்தில் சீக்கிரம் சிதையும் என்று போனிலேயே சொல்லிக் கொடுத்தவர் தோட்டக்கலை அலுவலர். களத்து விளிம்பில் மருந்து குடித்த மேல்மண்ணையும் ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி எடுத்தோம். தார்ப்பாயை விரித்துக் கல் வைத்து முடித்தபோது மணி ஏழு. ஏழரைக்கு மழை பிடித்துக்கொண்டது.

இரண்டு டிரம்மையும் மூடி, "விஷம்" என்று பெயின்டில் எழுதிப் பூட்டி வைத்தோம். புதைக்கலாம், எரிக்கலாம் என்று பேச்சு வந்தபோதெல்லாம் வேண்டாம் என்று நின்று, கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்பும் வேலையில் கடைசிவரை உடன் அலைந்தவரும் அதே அலுவலர்தான். ஐயா, உங்களுக்கு என் வணக்கம். என் தோல் செருப்பையும் பெல்ட்டையும் டிரம்மில் போடச் சொன்னீர்கள். தோலில் ஏறினது எத்தனை கழுவினாலும் போகாது என்றீர்கள். போட்டுவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் பெரியப்பாவும் நானும் ஓடைக்கு இறங்கினோம். மீனுக்கும் நண்டுக்கும் இந்த மருந்து துளி போதும். கல்லைப் புரட்டினார். அடியில் விரல் நகம் அளவுக்கு ஒரு நண்டு, கொடுக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியது. இன்னொரு கல்லுக்கு அடியிலும் ஒன்று. பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் தண்ணீரோரம் உட்கார்ந்துவிட்டார், நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருந்தாலும் கீழ்க் குடியிருப்பு மக்கள் நாங்கள் சொன்ன ஒரே வார்த்தைக்காக மூன்று நாள் ஓடைத் தண்ணீரைத் தொடாமல் பொறுத்துக்கொண்டார்கள். தப்பு என்னுடையது, சிரமம் அவர்களுடையது. ஒருவர்கூடக் கோபமாக ஒரு சொல் சொல்லவில்லை.

மருந்து இப்போது தனி அறையில், பூட்டுக்குள், தரையோடு இருக்கிறது. பக்கத்தில் ஒரு மூட்டை மரத்தூளும் ஒரு மண்வெட்டியும் ரப்பர் கையுறையும் வைத்திருக்கிறேன்.

அக்கா வீடு திரும்பி நன்றாக இருக்கிறார். அவருடைய பச்சைச் சேலையும் அந்த டிரம்மில்தான் போனது. அதே பச்சையில் ஒன்று சேலத்தில் எடுத்து வைத்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும். அக்கா, நீங்கள் முதலில் வாருங்கள்.

நன்றியுடன்,
களத்து வீட்டுக்காரன்