கனோசாவுக்கு முந்தைய வருஷம்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி, சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போட்டுக்கொள். இங்கே எல்லோரும் நலம். சின்னவள் மாற்றல் வாங்கிக்கொண்டு மதுரைக்கே வந்துவிட்டாள்.

ஜெர்மனி அரசன் நான்காம் ஹென்றி, போப்பிடம் மன்னிப்புக் கேட்டு இத்தாலியின் கனோசா கோட்டை வாசலில் நின்றது ஓர் அரசனுக்கு நேர்ந்த பெரிய அவமானம் என்று எழுதியிருந்தாய். 1077 ஜனவரிக் குளிரில், கம்பளித் துணியோடு, வெறுங்காலில் மூன்று நாள் காத்திருந்தான், உண்மைதான். ஆனால் அன்று காரியம் சாதித்தவன் அவன்தான். மன்னிப்புக் கேட்டு வந்து நிற்பவனை ஒரு குரு எப்படித் திருப்பி அனுப்புவார்? முந்தைய வருஷம் அவனை விலக்கி வைத்திருந்த போப் ஏழாம் கிரெகோரி, திரும்பவும் கிறிஸ்தவ சபையில் சேர்த்துக்கொண்டார். 1084இல் ஹென்றி ரோமையே பிடித்துவிட்டான், கிரெகோரி அடுத்த வருஷம் சலெர்னோவில் இறந்தார்.

எனக்குப் பெரிதாகப் படுவது 1076இல் நடந்ததுதான். மிலான் பேராயரை யார் நியமிப்பது என்ற தகராறு முற்றி, ஹென்றி போப்பைப் பதவி விலகச் சொல்ல, கிரெகோரி அவனைச் சபையிலிருந்து விலக்கியதோடு நிற்காமல், குடிமக்கள் அவனுக்குச் செய்து கொடுத்த சத்தியம் இனிச் செல்லாது என்றும் அறிவித்துவிட்டார். அரசனுக்குக் கட்டுப்படுவது கடவுள் கட்டளை என்றே கேட்டு வளர்ந்த ஜனங்கள், யோசித்துப் பார்!

இதை நியாயப்படுத்தி எழுதியவர்களில் லாட்டன்பாக் மானகோல்ட் என்ற குருவைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். பன்றி மேய்க்கக் கூலிக்கு வைத்த ஆள் பன்றிகளைத் திருடினாலோ தொலைத்தாலோ கூலி கொடுக்காமல் விரட்டிவிட மாட்டோமா என்று கேட்கிறார். அரசனும் அப்படித்தானாம். கொடுமையிலிருந்து காப்பாற்றத்தான் மக்கள் ஒருவனைத் தங்களுக்கு மேலே உயர்த்தி வைக்கிறார்கள், அவனே கொடுங்கோலனானால் ஒப்பந்தத்தை முறித்தவன் அவன், மக்கள் விடுபட்டுவிடுகிறார்கள். போப்புக்காக வாதாடக் கிளம்பியவர் மக்களைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்துகிறார், சேகர்! பதினோராம் நூற்றாண்டில் இப்படி எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்.

நான் குருமார் கட்சி என்று நினைத்துவிடாதே. கிரெகோரி 1075இல் எழுதி வைத்த 27 வாசகங்களில், போப் பேரரசர்களைப் பதவி நீக்கலாம் என்று ஒன்று, போப்பை யாரும் விசாரிக்க முடியாது என்று இன்னொன்று. அந்த இரண்டாவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மேய்ப்பவனைக் கேட்கலாம் என்றால் எல்லா மேய்ப்பவனையும்தான் கேட்க வேண்டும். 1324இல் இத்தாலியின் பதுவா ஊர்க்காரர் மர்சீலியோ என்ற சிந்தனையாளர் அந்தக் கேள்வியைப் போப்பின் மீதே திருப்பினார். அவரைப் பற்றி விரிவாக அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன், அதற்குள் உனக்கும் படிக்கிற அளவுக்குக் கண் தெளிந்துவிடும்.

அன்புடன்,
ரவி