பேச்சுக் கொடுத்தால் என்ன ஆகும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி கழிந்த வாரம் உங்கள் ஞாயிறு இணைப்பில் ஓமன் நாட்டுக்குச் சுற்றுலா போகிறவர்களுக்காக ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. படத்தில் இருந்தது துபாய்க் கட்டடம். அது போகட்டும், வளைகுடா என்றாலே உங்களுக்கு துபாய்தான் என்பது பழகிவிட்டது. மூன்றாவது பத்தியில் ஒரு வரி: ‘உள்ளூர்வாசிகளிடம் தேவையில்லாமல் பேச்சுக் கொடுக்காமல் இருப்பது நல்லது.’

அந்த இடத்தில் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

1997 முதல் 2019 வரை 22 வருடம் ஓமனில் சாலை போடும் கம்பெனியில் சர்வேயராக இருந்தவன் நான். போன புதிதில், பித்யா பக்கத்து மணல்மேட்டில் பிக்கப் வண்டியைப் புதைத்துக்கொண்டு நின்றேன். ஆக்ஸிலேட்டரை அழுத்த அழுத்த வண்டி இன்னும் கீழே இறங்கியது. கையில் ஒன்றரை லிட்டர் தண்ணீர். மொபைலாவது ஒன்றாவது, அப்போது ஏது? ஒரு மணி நேரம் கழித்து ஒரு கிழவர் பழைய லேண்ட் குரூசரில் வந்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து நான்கு டயரிலும் காற்றை இறக்கினார். 35 பவுண்டு அழுத்தம் இருந்ததை 15க்குக் கொண்டுவந்தார். டயர் அகலமாகப் பரவினால் மணலில் மிதக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். வண்டி தானாக ஏறி வந்தது. அப்புறம் விடவில்லை, வீட்டுக்கு அழைத்துப் போனார். பேரீச்சம்பழமும் ஏலக்காய் போட்ட கசப்புக் காப்பியும். குவளை காலியானால் அவர் மகன் ஊற்றுகிறான், ஊற்றுகிறான், நானும் மரியாதைக்குக் குடிக்கிறேன். ஒன்பதாவது குவளையில் கிழவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. போதும் என்றால் குவளையை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டுமாம். அன்று இரவு முழுக்கத் தூக்கம் இல்லை.

உங்கள் கட்டுரையாளர் சொன்னபடி நான் பேச்சுக் கொடுக்காமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத ஆள் இருந்திருக்காது. அதனால் உங்களுக்கு லாபம்தான் என்றால் சொல்லுங்கள்.

அன்றே எழுதாததற்குக் காரணம் உண்டு. முன்பு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. அதில் ஒன்று, நீங்கள் ‘துபாய் அருகேயுள்ள சலாலா’ என்று அச்சிட்டதற்காக எழுதியது. சலாலா ஓமனின் தெற்குக் கோடியில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சாலைவழி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்விட்டுப் பாதி தூரம் திரும்பி வந்துவிடலாம். ஆசிரியருக்குத் தெரியாததா? சரி, வேலைப்பளு என்று விட்டுவிட்டேன்.

இப்போது எழுதுவது என் அக்காவுக்காக. வேளச்சேரியில் இருக்கும் அக்கா மகன் அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு ஓமன் போக ஏற்பாடு செய்தான். அக்காவையும் கூட்டிப் போனான். அவளுக்கு ஒரே ஆசை, மஸ்கட்டில் உள்ள சுல்தான் காபூஸ் பெரிய மசூதியின் கம்பளத்தைப் பார்க்க வேண்டும். 2001ல் அந்த மசூதி திறந்தபோது நான் ஊருக்கு எழுதிய கடிதத்தில் அதைப் பற்றித்தான் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். 21 டன் எடை, ஈரானில் 600 பெண்கள் நான்கு வருடம் கையால் நெய்தது. அக்கா அந்தக் காலத்தில் பாய் நெய்தவள், அதனால் அந்தச் சேதி அவள் மனதில் அப்படியே நின்றுவிட்டது.

கிளம்பும் முன் அவனுக்கு நான் படித்துப் படித்துச் சொன்னேன். மசூதிக்குள் மற்ற மதத்தவரைக் காலை 8 முதல் 11 வரைதான் விடுவார்கள், வெள்ளிக்கிழமை அறவே கிடையாது என்று. உங்கள் கட்டுரையோ ‘வெள்ளிக்கிழமை விடுமுறை நாள் என்பதால் காலையில் நிதானமாகப் பார்க்கலாம்’ என்கிறது. பையன் என்ன சொன்னான் தெரியுமா? “மாமா, நீங்க சொல்றது பழைய காலம். பேப்பர்லயே போட்டிருக்கான் பாருங்க.” கத்தரித்த தாளைக் காட்டினான். 22 வருடத்தை ஒரு துண்டுத்தாள் அடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாசலில் போய் நின்றிருக்கிறார்கள். அன்றிரவே விமானம். காவலாளி ஓமன்காரர். அக்காவைப் பார்த்து “அம்மா, மன்னிக்கணும்” என்று இந்தியில் சொல்லி, நாற்காலி கொண்டுவந்து போட்டு, தண்ணீர் கொடுத்து, முத்ரா கடற்கரைச் சாலைக்குப் போங்கள், அங்குள்ள சந்தையில் கடைகள் சாயங்காலம் திறக்கும் என்று வழியும் சொல்லியிருக்கிறார். பேச்சுக் கொடுக்க வேண்டாம் என்று நீங்கள் எச்சரித்த உள்ளூர்வாசி இவர்தான்.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன், வாய் திறந்தாகிவிட்டது. வியாழனும் வெள்ளியும் வார விடுமுறை என்று போட்டிருக்கிறீர்கள். 2013லேயே அதை வெள்ளி, சனி என்று மாற்றிவிட்டார்கள். எங்கோ ஒரு பழைய தாளைப் பார்த்து எழுதியிருக்கிறார் உங்கள் ஆள். ஜெபல் அக்தர் மலைக்குச் ‘சிறிய வாடகைக் காரே போதும்’ என்றும் எழுதியிருந்தார். மலையடியில் பிர்கத் அல் மவுஸ் என்று ஓர் ஊர். வாழைக்குளம் என்று பொருள், நம் பக்கத்து ஊர்ப்பெயர் மாதிரியே இருக்கும். அதைத் தாண்டியதும் போலீஸ் சோதனைச் சாவடி. ஃபோர்வீல் டிரைவ் இல்லாத வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அக்கா மகன் திரும்பி வந்தான். வாடகை திரும்பி வரவில்லை.

‘கோடை விடுமுறைக்கும் ஏற்ற இடம்’ என்றது எல்லாவற்றுக்கும் மேல். ஐயா, 2018 ஜூனில் குரியாத் ஊரில் ஒரு நாள் முழுக்க, நள்ளிரவிலும்கூட, வெப்பம் 42 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மதியம் பன்னிரண்டரை முதல் மூன்றரை வரை வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. சர்வே கருவியின் முக்காலியைத் தொட்டுக் கொப்புளம் வந்த கை என்னுடையது. அந்த மாதங்களில் போகத்தான் வேண்டுமென்றால் சலாலா போகச் சொல்லியிருக்கலாம். நம் குற்றாலத்தில் சாரல் தூவும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் அங்கேயும் மலையை நனைக்கிறது. ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை மலை முழுக்கப் பச்சை, மூடுபனி, சாலையோரம் இளநீர்க்கடை. இதை எழுத ஓர் அங்குலம் இடமில்லை, ஒட்டகப் படத்துக்குக் கால் பக்கம்.

பெண்களுக்கு உடை பற்றிப் பத்து வரி எழுதியவர் ஆண்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. அரைக்கால் சட்டையோடு போனால் அதே மசூதியில் ஆண்களையும் விடமாட்டார்கள். ரமலானில் ‘அந்தப் பக்கமே போகாதீர்கள்’ என்கிறார். பகலில் பொது இடத்தில் சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, அவ்வளவுதான். என் பலூச்சி ஃபோர்மேன் தான் நோன்பிருந்துகொண்டே, ஏசி ஓடும் தன் கேபினை எனக்குத் திறந்துவிட்டு, உள்ளே போய்ச் சாப்பிடு என்று கதவைச் சாத்திவிட்டுப் போவார்.

எழுத வேண்டியதை எழுதவில்லை என்பதுதான் பெரிய வருத்தம். வாதி என்னும் காய்ந்த ஆற்றில் வண்டியை நிறுத்தக் கூடாது. நமக்கு மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், தொலைவில் மலையில் பெய்த மழை பத்து நிமிடத்தில் வெள்ளமாக வந்துவிடும். 2007 ஜூனில் கோனு புயல் வந்தபோது நாங்கள் போட்ட சாலை எங்கே என்று நாங்களே தேடினோம். ஓடுகிற வாதிக்குள் வண்டியை விட்டால் அங்கே அது குற்றம். அப்புறம் நம் ஆட்கள் பெட்டியில் வைக்கும் குருமாப்பொடி. வளைகுடாப் பக்கம் பல நாடுகளில் கசகசா போதைப்பொருள் கணக்கு. கோடீன் கலந்த இருமல் மருந்தையும் டாக்டர் சீட்டு இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. தமிழ்ப் பத்திரிகை தமிழ்க் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டியது இதுவல்லவா?

தஞ்சை மாவட்டத்தில் தெருவுக்கு ஒருவர் வளைகுடா போய்வந்தவர் இருப்பார். உங்கள் அலுவலகத்திலேயே யாருக்காவது மஸ்கட்டில் ஒரு மாமா இருக்கக்கூடும். ஒரு போன் போட்டுக் கேட்கத் தோன்றவில்லை. நாங்கள் அனுப்பும் பணம்தான் உங்கள் பத்திரிகைக்குச் செய்தி, எங்களுக்குத் தெரிந்தது செய்தியில்லை.

நான் கேட்பது இரண்டே வரி. ‘சுல்தான் காபூஸ் பெரிய மசூதியில் பிற மதத்தவர் சனி முதல் வியாழன் வரை காலை 8 முதல் 11 வரை பார்க்கலாம், வெள்ளிக்கிழமை அனுமதி இல்லை.’ வருத்தம்கூடத் தெரிவிக்க வேண்டாம். எந்தத் தேதியில் வருகிறது என்று முன்கூட்டியே சொன்னால் நல்லது. ஒரு பிரதி கூடுதலாக வாங்கி, கத்தரித்து, வேளச்சேரிக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.